உப்புக் கோளுக்கு நான் வைத்த முடிவு

என் குரல் நல்ல குரல். இதை நானே சொல்லக்கூடாதுதான். ஆனால் மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தால் கதை தொடங்க நேரமாகிவிடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் எல்லோரும் என்னை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வகுப்பில் ஓயாமல் பேசுவதால் வந்த பெயர் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அதெல்லாம் பொறாமை. பள்ளி நூலகத்துக்காகக் கதைப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறவள் நான். அதனால் வந்த பெயர் அது.

எங்கள் பள்ளியில் கண் பார்வை இல்லாத பிள்ளைகளும் பார்வை குறைந்த பிள்ளைகளும் எங்களோடு சேர்ந்தே படிக்கிறார்கள். விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. ஆனால் புதிதாக வரும் கதைகள் பிரெயிலில் வந்து சேர வருஷக்கணக்காகும். அதுவரை யார் பொறுமையாக இருப்பார்கள்?

அதனால் நூலகத்தின் பின்னால், பழைய வரைபடங்களைச் சுருட்டி வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து ஒலிப்பதிவு அறையாக்கினார்கள். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகள். ஒரு மேசை, ஒரு மைக், ஒரு தண்ணீர்க் குவளை. மின்விசிறி போட்டால் அந்தச் சத்தமும் பதிவாகிவிடும் என்பதால் வியர்க்க வியர்க்க வாசிக்க வேண்டும். பக்கத்தைத் திருப்பும்போதுகூடச் சத்தம் வரக்கூடாது. அதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது இருந்தது.

கதவின் உள்பக்கத்தில் மூன்று விதிகள் ஒட்டியிருக்கும். புத்தகத்தில் இருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும். எதையும் சேர்க்கக்கூடாது, விடக்கூடாது. ஒருவர் வாசித்ததை இன்னொருவர் புத்தகத்தைப் பார்த்தபடி கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது விதி எனக்கு மட்டும் கிடையாது. நான் வாசித்த முதல் ஐந்து புத்தகங்களில் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் நூலகர் அக்கா, இனிமேல் உனக்குச் சரிபார்க்க ஆள் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் வீட்டுக்கு எந்த வழியாகப் போனேன் என்றே எனக்கு நினைவில்லை. அவ்வளவு தலைகால் புரியாத சந்தோஷம்.

பன்னிரண்டாவது புத்தகத்தில்தான் வம்பு வந்தது.

அதன் பெயர் 'உப்புக் கோள்'. அறிவியல் புனைகதை. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு எழுதப்பட்டது. எனக்குப் பதினொன்றுதான். கொஞ்சம் பெரிய புத்தகம், முடியுமா என்று நூலகர் அக்கா கேட்டார். என்னிடம் போய் அப்படிக் கேட்கலாமா? ஒரே இரவல் காலத்தில் முடித்துக் கொடுக்கிறேன் என்று வாங்கி வந்தேன்.

கதை நடப்பது எங்கே பார்த்தாலும் உப்பாக இருக்கும் ஒரு கோளில். அங்கே ஒரு பெரிய கண்ணாடிக் கூரைக்குக் கீழே நானூறு பேர் வாழ்கிறார்கள். உப்புக்கு அடியிலிருந்து ஒரு பம்பு தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறது. அந்தப் பம்பைப் பார்த்துக்கொள்வது பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி. நாங்கள் எல்லோரும் அவளை மெக்கானிக் அக்கா என்போம். அவளுக்குத் துணையாக முழங்கால் உயரத்தில் ஒரு குட்டி இயந்திரம். பெயர் திருகாணி. அதற்கு ஒரு சக்கரம் சரியாகச் சுற்றாது. ஒரே ஒரு நகைச்சுவைதான் தெரியும். அதையே எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லி, தானே சிரிக்கும்.

முதல் எட்டு அத்தியாயங்களை நான் சாப்பாட்டைக்கூட மறந்து படித்தேன். ஒன்பதாவது வந்தது. இருபத்திரண்டு பக்கம் முழுக்கப் பம்புதான். குழாய் இங்கே போகிறது, வால்வு அங்கே திறக்கிறது, அழுத்தம் ஏறுகிறது, இறங்குகிறது. இரண்டு பக்கம் படித்தேன். கொட்டாவி வந்தது. மீதியைப் புரட்டிவிட்டுப் பத்தாவதற்குப் போய்விட்டேன்.

பிறகு கதை மறுபடியும் பறந்தது. கடைசி அத்தியாயம், அதாவது இருபத்துநான்காவது அத்தியாயம் வரைக்கும்.

அதில் பம்பு நின்றுவிடுகிறது. பேட்டரி செத்துவிட்டது. ஊரில் வேறு பேட்டரி இல்லை. மெக்கானிக் அக்கா திருகாணியின் முதுகுக் கதவைத் திறந்து, அதற்குள் இருந்த பேட்டரியைத் தன் கையாலேயே கழற்றிப் பம்பில் மாட்டுகிறாள். தண்ணீர் வருகிறது. திருகாணி நின்றுவிடுகிறது. முற்றும்.

நான் அழுதேன். பிறகு கோபம் வந்தது. என் நோட்டில் மெக்கானிக் அக்காவை வரைந்து அவளுக்குப் பெரிய மீசை வைத்தேன். அப்படியும் ஆறவில்லை. இவ்வளவு நல்ல புத்தகத்தை யாராவது இப்படிக் கெடுப்பார்களா?

ஆகவே பதிவு அறைக்குள் போனபோது இரண்டு காரியம் செய்தேன். ஒன்பதாம் அத்தியாயத்தை விட்டுவிட்டு, பத்தாவதையே ஒன்பது என்று சொல்லி வாசித்தேன். கடைசியில் மெக்கானிக் அக்கா திருகாணியின் கதவைத் திறக்கப் போகும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, என் சொந்தச் சரக்கை எடுத்துவிட்டேன்.

"அப்போது அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சமையலறை அலமாரியின் மேல்தட்டில், துணிமூட்டைக்குப் பின்னால் இன்னொரு பேட்டரி இருந்தது."

பிறகென்ன? அதை எடுத்து மாட்டினார்கள், தண்ணீர் வந்தது, திருகாணி தன் நகைச்சுவையைச் சொன்னது, நானூறு பேரும் சிரித்தார்கள். என் குரலில் கேட்க அது அவ்வளவு அருமையாக இருந்தது. அசல் முடிவைவிட இதுதான் நல்ல முடிவு என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அந்தப் பதிவை முதலில் கேட்டவள் ஜட்ஜ்.

ஜட்ஜ் என் வகுப்புத் தோழி. பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. வகுப்பில் யாருக்குள் சண்டை வந்தாலும் அவளிடம்தான் போவார்கள். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு அவள் சொன்னால் சொன்னதுதான். அதனால் அந்தப் பெயர். என் பதினோரு பதிவுகளையும் ஒன்றுவிடாமல் கேட்டவள் அவள். ஒரு தடவை, நீ வாசித்தால் புத்தகமே பேசுகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். அவள் யாரையும் லேசில் பாராட்டுகிறவள் அல்ல. அதனால் அதை நான் யாரிடம் சொன்னேன் என்று கேட்பதைவிட, யாரிடம் சொல்லவில்லை என்று கேட்பது சுலபம்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் வாசகர் மன்றத்தில் புத்தக விசாரணை நடக்கும். ஒருவர் புத்தகத்துக்கு ஆதரவாகப் பேசுவார். ஒருவர் எதிர்த்துப் பேசுவார். கேட்டவர்கள் கை தூக்கி முடிவு சொல்வார்கள். இந்த மாதம் 'உப்புக் கோள்' கூண்டில் ஏறியது. ஆதரித்துப் பேச அகராதி வந்தான். யார் எதைச் சொன்னாலும் திருத்துகிற பையன் அவன், புத்தகத்தை மூன்று முறை படித்திருந்தான். எதிர்த்துப் பேச ஜட்ஜே முன்வந்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குத்தான் திருகாணியை அவ்வளவு பிடிக்குமே. புதன்கிழமை மதியம் விளையாட்டு மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"கதை நல்லாத்தான் போச்சு," என்றாள் அவள். "ஆனா முடிவு மகா மட்டம்."

மட்டமா, ஏன் மட்டம் என்று கேட்டேன்.

"பேட்டரி இல்லை, பேட்டரி இல்லைன்னு புத்தகம் முழுக்கச் சொல்லிட்டு, கடைசியில அலமாரியைத் திறந்தா பேட்டரி இருக்காம். அதுவும் துணிமூட்டைக்குப் பின்னாடி. அந்த ஊர்ல ஆளுக்கு ஒரே ஒரு உடுப்புன்னு ரெண்டாம் அத்தியாயத்துல வருது. அப்புறம் மூட்டை எங்கேருந்து வந்தது? எழுதினவங்களுக்கு எழுதினதே மறந்துபோச்சு. சுத்த சோம்பேறித்தனம்."

துணிமூட்டை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு அலமாரியிலிருந்து வந்தது.

நான் கட்டிய மாளிகையை அவள் ஒரே மூச்சில் இடித்துத் தள்ளிவிட்டாள். இடிக்கிறாள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. முடிவைப் பற்றிப் பேசாதே, வேறு எதையாவது எடுத்துக்கொள் என்று கெஞ்சிப் பார்த்தேன். தன் வாதமே அதுதான் என்று சொல்லிவிட்டாள்.

"இன்னொண்ணு," என்றாள். "அகராதி இருபத்துநாலு அத்தியாயம்னு சொல்றான். எனக்கு இருபத்துமூணுதான் வந்தது."

"தப்பா எண்ணியிருப்பே," என்றேன்.

"இருக்கும்," என்றாள் அவள், என்னை நம்பி.

அவள் எதையும் தப்பாக எண்ணியதே இல்லை. அது எனக்கும் தெரியும்.

மணி அடித்ததும் நேராக அகராதியிடம் ஓடினேன். விசாரணையில் முடிவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா என்று எதேச்சையாகக் கேட்பதுபோலக் கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். கடைசிப் பக்கத்தைச் சபையில் முழுசாக வாசிக்கத்தான் தான் வருவதாகச் சொன்னான்.

அவ்வளவுதான், தப்பிக்க வழியில்லை. ஜட்ஜ் எழுந்து அலமாரியைத் திட்டுவாள். இவன் புத்தகத்தைத் திறந்து, எந்த அலமாரி என்று கேட்பான். ஐம்பது பேரும் சிரிப்பார்கள். புத்தகத்தை ஒழுங்காகக் கேட்காமலே பேசுகிறாள் என்று அவளைச் சொல்வார்கள். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் அதற்குப் பிறகு யார் அவளிடம் நியாயம் கேட்டு வருவார்கள்?

அன்று மாலை அம்மா வேலையிலிருந்து கடுப்போடு வந்தார். அம்மா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எப்போது வரும் என்று சொல்வதுதான் வேலை.

"ஒருத்தர் கண்ணாடியைத் தட்டித் தட்டித் திட்டுறார்," என்றார் அம்மா. "பஸ் ஒரு மணி நேரம் லேட்டாம். ஏன் லேட்டுன்னு என்னைக் கேக்கிறார். பஸ்ஸை நானா ஓட்டினேன்? எழுதிக் கொடுத்ததைப் படிச்சேன், அவ்வளவுதானே?"

அப்பா சிரித்தார். மற்ற நாளாக இருந்தால் நான் அந்த ஆள் மாதிரி நடித்துக் காட்டி அம்மாவையும் சிரிக்க வைத்திருப்பேன். அன்று நடிக்கவில்லை. எங்கள் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். பஸ்ஸை ஓட்டியவர் ஒழுங்காகத்தான் ஓட்டியிருந்தார். அறிவிப்புச் செய்தவள்தான் வண்டியை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டாள். இப்போது திட்டு மட்டும் ஓட்டியவருக்கு விழப்போகிறது. அவமானம் ஜட்ஜுக்கு.

மறுநாள் பள்ளி விட்டதும் ஜட்ஜைப் பதிவு அறைக்கு வரச் சொன்னேன். கையில் 'உப்புக் கோள்' இருந்தது. நாலரை மணி. ஐந்தரைக்கு நூலகத்தைப் பூட்டிவிடுவார்கள். ஏதோ புதுப் புத்தகம் வாசித்துக் காட்டப் போகிறேன் என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில், ஒன்றையும் மறைக்காமல். ஒன்பதாம் அத்தியாயம், அலமாரி, துணிமூட்டை, எண்ணிக்கையில் நான் சொன்ன பொய், எல்லாம்.

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஏன் அப்படிப் பண்ணினே?" என்றாள்.

"நீ அழுவியேன்னு."

"அழுதா அழுதுட்டுப் போறேன். பிடிச்சுதா பிடிக்கலையான்னு நான்தானே சொல்லணும்? நீ வாசிக்கிறப்போ நானும் புத்தகமும் மட்டும்தான் இருக்கோம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நடுவுல நீ உட்கார்ந்திருக்கே."

நான் புத்தகத்தின் மூலையை மடித்து மடித்து நிமிர்த்தினேன்.

"அந்தப் பதினோரு புத்தகம்?" என்று கேட்டாள்.

"சத்தியமா ஒரு சொல்கூட மாத்தலை."

"அதை நான் எப்படி நம்புறது?"

அதுதான் மிகவும் வலித்தது. அவள் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். அவள் நம்புவதற்கு நான் ஒரு வழியும் மிச்சம் வைக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

ஜட்ஜ் காத்திருந்தாள். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வகுப்பில் தீர்ப்புச் சொல்லும் குரலில் சொன்னாள்.

"உனக்குத் தண்டனை. ஒன்பதாம் அத்தியாயம். முழுசா வாசி. அப்புறம் கடைசி அத்தியாயம்."

"ஒன்பதாவதா? அது முழுக்கப் பம்பு," என்றேன்.

"வாசி."

வாசித்தேன். குழாய், வால்வு, அழுத்தம். பத்துப் பக்கம் போனது. பதினைந்து பக்கம் போனது. தூக்கம் வராமல் இருக்க நான் என்னையே கிள்ளிக்கொண்டேன். பதினெட்டாவது பக்கத்தில் என் குரல் தானாக மெதுவானது. அந்தப் பக்கத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

அங்கே மெக்கானிக் அக்கா, பம்பில் இருப்பதைத் தவிர ஊரில் மொத்தம் எத்தனை பேட்டரி இருக்கிறது என்று திருகாணியைக் கேட்கிறாள்.

"'பதினொன்று,' என்றது திருகாணி. 'பத்து செத்துவிட்டன. ஒன்று நன்றாக இருக்கிறது.' 'அது எங்கே?' என்று கேட்டாள் அவள். 'அதோடுதான் நீ பேசிக்கொண்டிருக்கிறாய்,' என்றது திருகாணி."

நான் நிறுத்திவிட்டேன்.

"மேல வாசி," என்றாள் ஜட்ஜ். அவள் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

அதை எப்போதும் எடுக்க மாட்டேன் என்று மெக்கானிக் அக்கா அழுகிறாள். திருகாணி விடவில்லை. தேவைப்படும் நாளில் நீதான் எடுக்க வேண்டும், வேறு யாருடைய கையும் என் முதுகில் படக்கூடாது என்று அவளிடம் வாக்கு வாங்குகிறது. பிறகு அவள் அழுகையை நிறுத்துவதற்காகத் தன் ஒரே நகைச்சுவையைச் சொல்கிறது.

இதைப் படிக்காமலா நான் அவளுக்கு மீசை வரைந்தேன்? அவள் திருகாணியைக் கைவிடவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கடைசி அத்தியாயத்தை வாசிக்கும்போது என் நல்ல குரல் உடைந்து தகரம் மாதிரி ஆனது. ஒரு வரிக்கு இரண்டு முறை மூக்கை உறிஞ்சினேன். ஜட்ஜின் கன்னமும் ஈரமாக இருந்தது. அழுதாலும் நிறுத்தாதே என்று மட்டும் சொன்னாள். முதுகுக் கதவு திறந்தது. தண்ணீர் வந்தது. திருகாணி நின்றது. முற்றும் என்று வாசித்தேன்.

"எனக்கு இந்த முடிவும் பிடிக்கலை," என்றாள் ஜட்ஜ், கன்னத்தைத் துடைத்துக்கொண்டு.

"எனக்கும்தான்," என்றேன்.

"ஆனா இதை மாத்தவும் முடியாது. வேற எப்படி முடிச்சாலும் பொய்யாயிடும்."

பிடிக்கவும் இல்லை, விடவும் முடியவில்லை. ஒரு புத்தகத்தைப் பற்றி இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்கலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. வெளியே நூலகர் அக்கா சாவிக்கொத்தை ஆட்டும் சத்தம் கேட்டது. ஜட்ஜ் தன் கோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வழக்கமாக என் தோளில் கை வைத்துத்தான் படி இறங்குவாள். அன்று வைக்கவில்லை.

மறுநாள் விசாரணைக்கு ஐம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஜட்ஜ் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிவை இன்னும் நான்கைந்து பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கும் நான்தானே வழியை மாற்றிவிட்டேன். விசாரணை தொடங்குமுன் எழுந்து நின்றேன். சபையில் பேச நான் தயங்கியது அதுதான் முதல் முறை.

பதிவில் இருக்கும் முடிவு என்னுடையது, புத்தகத்தில் அப்படி இல்லை, ஓர் அத்தியாயமும் குறைகிறது, எல்லாரும் மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். பிறகு கனமான கண்ணாடி போட்ட நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான்.

"எனக்கு அலமாரி முடிவுதான் பிடிச்சுது. அதை அழிச்சுடாதீங்க அக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

மூன்றாவது விதியை நீக்கியது தன் தவறு என்று நூலகர் அக்காவும் எழுந்து சொன்னார். இனி யார் வாசித்தாலும் சரிபார்க்க ஆள் உண்டு என்றார். அதற்கு மேல் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு விசாரணை தொடங்கியது.

அகராதி நன்றாகத்தான் பேசினான். கடைசிப் பக்கத்தை வாசித்தான். என் அளவுக்கு இல்லை, ஆனாலும் பரவாயில்லை. கை தட்டினார்கள். அடுத்து ஜட்ஜ் எழுந்தாள். ஒரே இரவில் அவள் தன் வாதத்தை முழுக்க மாற்ற வேண்டியிருந்தது. என்ன பேசப் போகிறாள் என்று எனக்கும் தெரியாது.

"நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப் போறேன்," என்றாள். "பம்பு ஓடுது. நானூறு பேரும் வரிசையில நின்னு தண்ணி குடிக்கிறாங்க. அந்த நானூறு பேர்ல ஒருத்தராவது திருகாணிக்கு நன்றி சொன்னாங்களா? அகராதி, பக்கத்தைக் காட்டு."

அகராதி புத்தகத்தைத் திறந்தான். கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். முந்தின பக்கத்தைப் பார்த்தான். அதற்கு முந்தின பக்கத்துக்குப் போனான். பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

"இல்லை," என்றான் கடைசியில்.

"தண்ணி எங்கேருந்து வந்ததுன்னு அவங்களுக்குத் தெரியவே இல்லை. மெக்கானிக் அக்காவாவது சொல்லியிருக்கணும். அவங்க சொல்லலைன்னா எழுதினவங்க சொல்ல வெச்சிருக்கணும். திருகாணி நின்னதுக்காக நான் எதிர்க்கலை. அது நின்னது யாருக்குமே தெரியாமப் போனதுக்காக எதிர்க்கிறேன்."

மூன்று முறை படித்த அகராதிக்குத் தோன்றவில்லை. இத்தனை அழுத எனக்கும் தோன்றவில்லை. ஒரே ஒரு தடவை, அதுவும் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி வாசித்த ஒருத்தியிடம் கேட்டுவிட்டு, அவள் கண்டுபிடித்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம், அவள் என் தோழி, என் தோழி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கை தூக்கும் நேரம் வந்தது. நூலகர் அக்கா இரண்டு முறை எண்ணினார். புத்தகம் ஒரே ஒரு கை வித்தியாசத்தில் ஜெயித்தது. ஜெயிக்க வைத்த கைகளில் ஒன்று ஜட்ஜுடையது.

எதிர்த்துப் பேசிவிட்டு ஆதரவாகக் கை தூக்குவது விதிப்படி செல்லுமா என்று அகராதி உடனே கேட்டான்.

"பிடிக்கலைன்னுதான் சொன்னேன்," என்றாள் ஜட்ஜ். "மோசமான புத்தகம்னு எப்பச் சொன்னேன்?"

திங்கட்கிழமை நான் 'உப்புக் கோளை' முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் வாசிக்கத் தொடங்கினேன். சரிபார்க்கிற ஆள் யார் தெரியுமா? அகராதியேதான். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நான் கொஞ்சம் பெருமூச்சு விட்டால்கூட, அது புத்தகத்தில் இல்லை என்று கையைத் தூக்கினான். முதல் நாளிலேயே பதினேழு தடவை தூக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். இருபத்துநான்கு அத்தியாயம், சொல்லுக்குச் சொல். கடைசி அத்தியாயத்தில் என் குரல் உடையாமல் இருக்க ஐந்து முறை வாசிக்க வேண்டியிருந்தது. அலமாரி முடிவை, அந்த நான்காம் வகுப்புப் பையனுக்கு ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் தனியாகச் சொல்லிக் காட்டினேன், இது என் கதை என்று முதலிலேயே சொல்லிவிட்டு.

பதிவு முடிந்த அன்று ஜட்ஜ் அதைக் கேட்க வந்தாள். அதுவரை எங்களுக்குள் பேச்சு சுருக்கமாகத்தான் இருந்தது. மூன்று நாள் மாலை அவள் உள்ளே உட்கார்ந்து கேட்டாள். மூன்று நாளும் நான் வெளியே, பிரெயில் அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். பரீட்சை முடிவுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

மூன்றாம் நாள் கதவு திறந்தது. ஜட்ஜ் வெளியே வந்தாள். கையை நீட்டி என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். படி இறங்கத் தொடங்கினோம். பாதிப் படியில் நின்றாள்.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள். "அன்னிக்கே தோணிச்சு. உன்மேல கோபமா இருந்ததால சொல்லலை."

என்ன குறை கண்டுபிடித்தாளோ என்று நானும் நின்றுவிட்டேன்.

"அந்த ஒன்பதாம் அத்தியாயம் இருக்கே," என்றாள் ஜட்ஜ், "கொஞ்சம் நீளம்தான்டி."

இதைத்தான் நான் முதல் நாளே சொன்னேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. இருபத்திரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு அவளே சொல்லியிருக்கிறாள். என்னைப் போல ஒரு பெருமைக்காரியை அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் பார்த்திருக்க முடியாது.